ஜீப்புக்கு வந்த கெட்ட பேர்

சென்ற மாதம் என் தங்கையின் பேரன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் பட்டறையில் விட்டிருக்கிறானாம். மஹிந்திரா எம்எம் 540. செல்போனில் ஐம்பது படம் காட்டினான். "தாத்தா, இதுதான் ராஜா. இப்ப வர்றதெல்லாம் பொம்மை வண்டி" என்றான். அவன் நண்பர்கள் நாலு பேருக்கு நாலு கட்சி. ஒருவன் பழைய பெட்ரோல் ஜீப்தான் ஜீப் என்கிறான். ஒருவனுக்கு ராணுவத்து ஜோங்கா. இன்னொருவன் மாருதி ஜிப்சிக்கு முன்னால் எதுவும் நிற்காது என்று சத்தியம் செய்கிறான்.

"நீங்க இதுல எல்லாம் போயிருப்பீங்களே, எது நல்ல வண்டி, சொல்லுங்க" என்று கேட்டான். அன்றைக்குப் பதில் சொல்லாமல் காபி குடிக்கப் போய்விட்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு ஜீப்பைப் பற்றி நானே கோப்பில் எழுதிய நான்கு வரிகள் என்னை இன்றும் விடவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம். பொறுமையாகப் படியுங்கள்.

ஜீப் பிறந்தபோதே பேர் ஒருவருக்கும் உழைப்பு இன்னொருவருக்கும் ஆனது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் சிறிய, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. கெடு மிகக் குறைவு. சொன்ன நாளுக்குள் மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது பான்டம் என்ற நொடித்துப்போகும் நிலையில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி. கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைந்த வண்டி அது. ஆனால் சின்னக் கம்பெனியால் யுத்தத்துக்கு வேண்டிய அளவு செய்து தர முடியாது என்று ராணுவம் நினைத்தது. பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. யுத்தம் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. பான்டம் சில ஆயிரம் வண்டிகளோடு நின்று, பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் செய்து கொண்டிருந்தது. ஜீப்பை உண்டாக்கியது நாங்களே என்று வில்லிஸ் விளம்பரம் செய்தது சரியல்ல என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1948-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் உலகம் முழுதும் ஜீப் என்றால் வில்லிஸ் என்று ஆகிவிட்டிருந்தது.

அந்த ஜீப்பைப் பார்த்து மற்றவர்கள் செய்ததுதான் இன்று பேர்பெற்ற வண்டிகளில் பாதி. இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ஓடிய பழைய ராணுவ ஜீப்பைப் பார்த்துவிட்டு யோசித்தது லேண்ட் ரோவர். 1948-ல் வெளிவந்தது. யுத்தத்துக்குப் பின் அங்கே இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம், அதனால் அலுமினியக் கலவையில் பாடி கட்டினார்கள். வேறு வழியில்லாமல் செய்த அந்தக் காரியமே, இது துருப்பிடிக்காத வண்டி என்ற பேரைக் கொடுத்தது. (அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்புதான், அது துருப்பிடிக்கும்.) ஜப்பானில் டொயோட்டா 1951-ல் செய்த வண்டிக்கு முதலில் டொயோட்டா ஜீப் என்றே பேர். ஜீப் என்ற பேருக்கு வேறு சொந்தக்காரர் இருந்ததால் 1954-ல் லேண்ட் குரூஸர் என்று மாற்றினார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1945-ல் மஹிந்திரா & முகம்மது என்று தொடங்கிய கம்பெனி, பிரிவினைக்குப் பின் கூட்டாளி பாகிஸ்தான் போய்விட, 1948-ல் மஹிந்திரா & மஹிந்திரா ஆயிற்று. அந்தக் கூட்டாளி குலாம் முகம்மதுதான் பிற்பாடு பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல். வில்லிஸ் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டினார்கள். போகப்போக இங்கேயே செய்தார்கள். நம் கண்ணில் நிறைந்திருக்கும் உயரமான முகம் கொண்ட ஜீப், சிஜே-3பி. அதன் என்ஜினில் ஒரு வால்வு மேலேயும் ஒரு வால்வு பக்கத்திலும் இருக்கும், அதனால் என்ஜின் உயரம் கூடிற்று, பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1968-ல் இதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் அதற்குப் பிறகும் ஓயாமல் வந்து கொண்டிருந்தது.

சுதந்திர இந்தியாவில் முதலில் பேசப்பட்ட ஊழலும் ஜீப் ஊழல்தான். 1948-ல் லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், காஷ்மீர் யுத்தத்துக்காகப் பழைய ஜீப்புகளைப் புதுப்பித்து வாங்க 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தது 155 வண்டி. அவையும் உதவாது என்று ராணுவம் தள்ளிவிட்டது. 1955-ல் அரசு வழக்கை முடித்துக் கொண்டது. இவ்வளவுக்கும் பிறகும் ஜீப்புக்குக் கெட்ட பேர் வரவில்லை பாருங்கள். கெட்ட பேர் மனிதருக்குப் போயிற்று, வண்டி தப்பித்தது. நான் சொல்லப்போகும் கதையில் இரண்டுக்கும் வந்தது.

நிற்க. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் பின்தான் ஜீப் கிராமத்துக்குள் நுழைந்தது. பி.டி.ஓ. என்றாலே ஜீப், ஜீப் என்றாலே சர்க்கார். ராமநாதபுரம் சீமையில் ஜீப் சத்தம் கேட்டால் ஒன்று வரி வசூல், இல்லாவிட்டால் எலெக்‌ஷன் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா காலமானபின் அம்மாவின் ஊரான ராமநாதபுரத்துக்கு வந்து, தேர்வாணையப் பரீட்சை எழுதி, 1974-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பிரெஞ்சில் கணக்குப் போட்டுத் தமிழில் கோப்பு எழுதியதை முன்பே ஒரு பதிவில் சொல்லியிருக்கிறேன். அப்போது ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருந்தது. 1985-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகே ஊர்ப் பேரும் தலைமையிடமும் ஒன்றாயின. ஆகவே ஆபீஸ் ஜீப்புக்கு ஒரு பக்கம் மதுரை தார் ரோடு, மறுபக்கம் கடற்கரை மணல். தேவிபட்டினம், தொண்டி, சாயல்குடி, உப்பளம் இருக்கும் வாலிநோக்கம். தீவுக்குப் போவது தனிக் கதை. பாம்பன் ரோட்டுப் பாலம் 1988 அக்டோபர் 2-ல் திறக்கும் வரைக்கும், வண்டி ராமேஸ்வரம் போக வேண்டுமானால் மண்டபத்தில் ரயில் வேகனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஆபீஸ் ஒன்றில் (பேர் வேண்டாம்) ஒரு பெட்ரோல் ஜீப் இருந்தது. 1972-ல் வந்தது. நான் அங்கே மாற்றலாகிப் போனபோதே அதற்குப் பேர் "மொண்டி". மாதத்தில் பத்து நாள் பட்டறையில் கிடக்கும். மேலதிகாரி மாறும்போதெல்லாம் புதியவருக்கு முதலில் சொல்லப்படுவது, "சார், இந்த ஜீப் ராசியில்லாத ஜீப்". டிரைவர் அண்ணனுக்கு அப்போதே ஐம்பதை ஒட்டிய வயது. ராணுவத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். அதிகம் பேச மாட்டார். ஆனால் மனு எழுதுவார். லாக் புக்கின் பின்பக்கத்துத் தாளைக் கிழித்து, கோடு போட்டு, எண் போட்டு எழுதுவார். அந்த மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும்.

கடற்கரை போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் இரும்பைத் தின்னும். இது ஒன்று. முன் சக்கரத்து ஹப்பில் ஆயில் சீல் போய்விட்டது, கடல் தண்ணீர் உள்ளே போய் பேரிங்கைக் கெடுக்கிறது, மாற்ற வேண்டும். இது இரண்டு. மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், திரும்பி வந்து அடிக்க ஒரு கைப்பம்பு வேண்டும். இது மூன்று. நாலாவதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: தார் ரோட்டில் முன் கியர் போடச் சொல்லக்கூடாது.

இந்த நாலாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜீப்பில் சாதாரண கியரைத் தவிர இரண்டு சின்ன லீவர் உண்டு. ஒன்று முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கும். மற்றது வேகத்தைக் குறைத்து இழுப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். முன் கியரைப் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டுப்பட்டவை. ஆனால் வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. முறுக்கம் முழுதும் உள்ளே பல் சக்கரங்களில் போய் உட்காரும். எங்கள் அதிகாரி ஒருவருக்கு, நாலு சக்கரமும் இழுத்தால் வண்டிக்குப் "ஃபுல் பவர்" என்று ஒரு நம்பிக்கை. மதுரை ரோட்டிலேயே போடச் சொல்லுவார். டிரைவர் அண்ணன் தயங்கினால், "நான் சொல்றேன், போடுய்யா" என்பார்.

மனுக்களின் மேல் நான் குறிப்பு எழுதுவேன்: "ஒதுக்கீடு இல்லாமையால் பரிசீலிக்க இயலவில்லை." கைப்பம்புக்குக்கூட ஒதுக்கீடு இல்லை.

கடைசியில் பரமக்குடி பக்கம் ஒருநாள் பல் சக்கரப் பெட்டி உடைந்தது. விளக்கம் கேட்டு மெமோ போனது. டிரைவர் அண்ணன் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். அதிகாரி சொல்லித்தான் போட்டேன் என்று எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. "வாகனத்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்காக" ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். அந்த ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான். அவர் வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய நாலு மனுவையும் அந்தக் கோப்பில் சேர்த்து மேலே அனுப்பியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

அதன்பின் ஜீப்பைக் கண்டம் செய்யும் கோப்பு. நான் எழுதிய நான்கு வரிகள் இவைதான்: வாகனம் ஆரம்பம் முதலே குறைபாடுடையது. கடலோரப் பணிக்கு ஏற்றதல்ல. பழுது பார்ப்பது வீண் செலவு. பொது ஏலத்தில் விடலாம். எல்லோரும் ஒப்பமிட்டார்கள். 1989-ல் இரும்பு விலைக்குப் போயிற்று. பதிவு எண், சேஸிஸ் எண் எல்லாவற்றையும் எட்டுப் பிரதிகளில் எழுதியதால் அந்த எண்கள் என் மனதில் தங்கிவிட்டன. குமாஸ்தாவுக்கு முகம் மறக்கும், எண் மறக்காது.

இப்போது தனுஷ்கோடிக்கு வாருங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் ஊரையும், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையும் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். பாம்பன் ரயில் பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மறுபடி போடவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு சொல்லிவிட்டது. ஆனாலும் மீனவர்கள் குடிசை போட்டு அங்கேயே இருந்தார்கள், சேதுவில் முழுக்குப் போட ஜனங்கள் போய்க்கொண்டும் இருந்தார்கள். டவுன் பஸ் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மணலும் முழங்கால் தண்ணீரும்தான் பாதை. அந்தப் பாதையில் ஜனங்களை ஏற்றிப் போனவை பழைய ஜீப்புகளும் வேன்களும். எங்கெங்கோ கண்டமாகி ஏலத்தில் போனவை, பாடியில் பாதிக்கு மேல் வெல்டிங்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், 2010-ல், காரைக்காலிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து பேரோடு ஒரு ஜீப்பில் அடைத்தார்கள். பின்பக்கத்து நம்பர் பிளேட்டில் உப்பு அரித்து எழுத்துகள் போய், நாலு எண் மட்டும் நின்றது. பார்த்தவுடன் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஓட்டிய தம்பியிடம் கேட்டேன். "எங்க அப்பா வாங்குனது ஐயா. சர்க்கார் ஏலத்துல ஒருத்தர் எடுத்து, அவருகிட்ட இருந்து அப்பா எடுத்தாக" என்றான். ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண்ணைப் பார்த்தேன். அதேதான். எங்கள் மொண்டி!

பெட்ரோல் என்ஜின் போய் டீசல் என்ஜின் வந்திருந்தது. மற்றபடி சேஸிஸும் ஆக்சிலும் பழையவை. இருபது வருஷமாக, நான் "கடலோரப் பணிக்கு ஏற்றதல்ல" என்று எழுதிய வண்டி, கடலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

எப்படிப்பா என்றேன். சிரித்தான். அவன் செய்வதைப் பார்த்தேன். சத்திரத்தை விட்டதும் டயரில் காற்றை இறக்கினான். டயர் தட்டையாகி மணலில் அகலமாக உட்கார்ந்தது. அலை வந்துபோன ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதன் மேலேயே ஓட்டினான். இளகிய இடத்தில் நிறுத்தவும் இல்லை, பிரேக் போடவும் இல்லை. ஒரே சீராக, முன் கியரில். "நின்னா மாட்டிக்கிரும் ஐயா, அதட்டுனாலும் மாட்டிக்கிரும்." சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயையும் பழைய என்ஜின் ஆயிலையும் கலந்து அடியில் பூசுவார்களாம். வருஷத்துக்கு இரண்டு தடவை ஹப்பைப் பிரித்து சீல் மாற்றுவார்களாம்.

டிரைவர் அண்ணனின் நாலு மனுவும் அங்கே நடந்து கொண்டிருந்தன. அந்த மனுக்களை அந்தத் தம்பி பார்த்தவனில்லை. கடலும் மணலும் இருவருக்கும் ஒன்றையே கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் அதைக் கோப்பில் எழுதி ஒப்பமும் வாங்கிவிட்டோம்.

ஊர் திரும்பியதும் டிரைவர் அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவர் சம்சாரத்திடம் ஜீப்பைப் பார்த்ததைச் சொன்னேன். "நல்ல வண்டி, பாழாக்கிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு தம்பி" என்றார் அந்த அம்மா. ஊதிய உயர்வு நின்றதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். இந்தப் பதிவு அதற்காகவும்தான்.

இனி பேரனின் கேள்வி. அவன் எம்எம் 540-ல் இருப்பது பிரான்ஸின் பெஜோ வடிவமைத்த டீசல் என்ஜின், 2112 சிசி. எங்கள் ஊர்ப் பட்டறையில் அதை "பியூஜியட்" என்பார்கள். நான் ஒருமுறை "பெஜோ" என்று திருத்தி, மெக்கானிக்கின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரெஞ்சு படித்ததன் பலன் அவ்வளவே. பெஜோவின் 404, 504 கார்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் "தாக்ஸி-ப்ரூஸ்", அதாவது காட்டு டாக்ஸி என்று ஓடி அழியாப் பேர் வாங்கியவை. கென்யாப் பக்கத்து சஃபாரி ராலியில் 404 நான்கு தடவை ஜெயித்தது. ஜோங்கா ஜபல்பூரில் நிஸான் பாட்ரோலைப் பார்த்துச் செய்தது. நாலு லிட்டர் பெட்ரோல் என்ஜின், பலசாலி, சாப்பாடும் அதற்குத் தகுந்தபடி. ராணுவம் பெட்ரோல் போட்டவரைக்கும் யாருக்கும் கவலையில்லை. ஏலத்தில் எடுத்தவர்கள் டீசல் என்ஜினுக்கு மாற்றினார்கள். ஜிப்சி 1985-ல் வந்தது. சின்ன என்ஜின், ஆனால் உடம்பு லேசு. லேசான வண்டி மணலில் புதைவது குறைவு. ஆக நாலு பேர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒவ்வொருவனும் சொல்லும் பேர், அந்த வண்டியைக் கவனித்த யாரோ ஒருவருடைய பேர் என்று நினைக்கிறேன். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங்கிலிருந்து சந்தக்ஃபூ மலைக்குப் பழைய லேண்ட் ரோவர்கள் ஏறுவதைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். லேண்ட் ரோவருக்குப் புகழ். அதைத் தினமும் பிரித்து மாட்டும் கைகளைப் பற்றி ஒரு வரிதான். நம் தனுஷ்கோடி ஜீப்புகளுக்கு அந்த ஒரு வரியும் கிடைக்கவில்லை. 2017 ஜூலை 27-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தது. இப்போது எந்தக் காரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேரே போய்விடலாம். நல்லதுதான், அங்கே இருக்கும் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டது. ஜீப்புகளுக்கு வேலை போயிற்று. எங்கள் மொண்டி என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். உடைக்கக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பேரன் வண்டி தயாரானதும் அதில் அரிச்சல்முனை போக வேண்டுமாம், நான் முன் சீட்டில் உட்கார வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, தார் ரோட்டில் முன் கியர் போடக்கூடாது. இரண்டு, திரும்பி வந்த ராத்திரியே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தண்ணீர்ச் செலவு என்னுடையது.